உப்புப் பக்கம்

முள்ளியவளையில் நாற்று விற்கிற சிவநிதி
என் பேரைக் கேட்க முதல் மூன்று கேள்வி கேட்டாள்.
கடலுக்கும் வேலிக்கும் எத்தனை பாகம்?
கொடி எதைப் பிடித்து ஏறும்?
எந்தக் காற்றுக்குப் பயம்?

நாற்பது பாகம் வரும், பெருக்குக்குக் குறையும்.
றெஜினோல்டின் பழைய சூடை வலையை
நாலு இரும்புக் குழாயில் இழுத்துக் கட்டியிருக்கு.
வாடைக்கு.
கடைசியைச் சொல்லும்போது
கையிலிருந்த பையை ஏனோ மற்றக் கைக்கு மாற்றினேன்.

மல்லிகையில் கை வைத்தேன். தட்டிவிட்டாள்.
ஒரு வாடை அடிச்சால் தேயிலைச் சக்கைதான் மிஞ்சும்.
முல்லை என்றேன், ஊர்ப் பேரிலேயே இருக்கே என்று.
“பேரில இருக்கும். கரையில நிக்காது.”
கடதாசிப்பூவுக்கு உப்பு ஒரு பொருட்டில்லையாம்,
ஆனால் அது ஏறாது, சாயும்,
குடிகாரனைப்போல நாங்கள்தான் பிடித்துக் கட்டவேண்டும்,
முள் வேறு வலையைக் கிழிக்கும்.
பிரண்டை ஏறும். மறைக்காது.
அடம்பனுக்குக் காசு கேட்க அவளுக்கு வெட்கமாம்:
“அது உங்கட படலை மட்டும் தானா வந்திருக்கும்.
மண்ணைப் பிடிக்கத் தெரியும், எழும்பி நிக்கத் தெரியாது.”

எனக்கு வேண்டியது மறைப்பு.
குசினி யன்னலால் கடல் தெரியக்கூடாது.
றெஜினோல்டுக்குப் படுக்கையிலிருந்தே
கடலின் நிறம் பார்க்கவேண்டும்.
“இலையைக் கட்டி என்ர கண்ணை மூடாதை.”
ஒரு வீடு, ஒரே பக்கம், பதினெட்டு அடி வலை.
இரண்டு கிழமை இதே கதை, சோற்றுக்கும் குழம்புக்கும் நடுவில்.
ஏன் என்று மட்டும் அவர் கேட்கவில்லை.
நத்தார் இரவில் கலண்டரில்
நான் இரண்டு தாளாகக் கிழிப்பது
அவருக்குத் தெரியும்.

சங்குப்பூ விதை பதினொன்று,
லொத்தர்ச் சீட்டில் சுற்றித் தந்தாள்.
ஒரு இரவு ஊறவை, கிணற்றுத் தண்ணி விடாதே.
கள்ளப்பாட்டுக் கிணறு அவளுக்கும் தெரிந்திருக்கிறது.
தை முடிய ஊன்றினேன். அரிசி கழுவின தண்ணீர் விட்டேன்.
சித்திரையில் வலையைக் காணவில்லை,
முழுக்க நீலம்,
நீலத்துக்குப் பின்னால் மற்ற நீலம் இல்லை.
இரைச்சல் இருந்தது. இரைச்சலை என்ன செய்வது.

றெஜினோல்ட் மீன் வெட்டுகிற கத்தியால்
படுக்கைக்கு நேரே கோப்பையளவு ஓட்டை வெட்டினார்.
ஒன்பதாம் நாள் கொடி அதைத் தைத்துவிட்டது.
நான் தொடவில்லை, அந்தோனியார் ஆணை.

ஐப்பசியில் காற்றுத் திரும்பியது.
முதலில் உப்புப் பக்கத்து இலைகள், நெருப்புக்குச்சி வைத்ததுபோல,
பிறகு ஓரங்கள், பிறகு நடு.
மழையில் நனைந்துகொண்டே காய்ந்தது.
மார்கழி பிறக்க வலையும் நெற்றும்தான்,
கண்ணுக்குக் கண் கடல்.

தொலைபேசியில் சிவநிதியோடு சண்டை பிடித்தேன்.
“நீங்கள் காற்றைச் சொன்னீங்கள், அக்கா.
மாதத்தைச் சொல்லேல்லை.”

அவர் கடலில் நிற்கிற மாதமெல்லாம் எனக்கு இலை.
படகைக் கரையேற்றிக் கவிழ்த்துவிட்டு
அவர் வீட்டில் கிடக்கிற மாதத்தில்
முழுக்கடலும் என் குசினியில்.

இன்று காலை தேத்தண்ணியோடு வந்து
யன்னலை அடைத்துக்கொண்டு நின்றார்.
முற்றத்தில் கதிரை இருக்கிறது, அங்கே போகவில்லை.
அகலமான முதுகு, சேட்டில் தார் பட்ட இடம்.
வெளிச்சம் காணாது, தள்ளி நில்லுங்கோ
என்று மற்ற நாளென்றால் சொல்லியிருப்பேன்.
தேத்தண்ணி எப்போதோ முடிந்துவிட்டது,
வெறுங்கோப்பையைக் குடித்துக்கொண்டு நின்றார்.

பின்னேரம் நெற்றுகளை உடைத்து எண்ணினேன்.
நூற்று நாற்பத்திமூன்று.
வேலிக்கு மேலால் செல்வமலர் கை நீட்டினாள்,
தனக்கும் ஒரு பிடி வேண்டுமாம்.

எந்தப் பக்கத்துக்கு, என்று கேட்டேன்.